தண்ணிக் கதவின் நான்கு நட்டுகள்

கோல சிலாங்கூருக்கு வடக்கே, கடலை ஒட்டிய, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் காப்ரியல் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். துருப்பிடித்து இறுகிப்போன நட்டு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கிராமத்தில் நெல் அறுக்கும் மெஷின் வைத்திருக்கும் மலாய்க்காரர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள். ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு அவரிடம் வேலை நடக்காது. "இன்னைக்கு எண்ணெய் விடுறேன். நாளைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அவர் எப்போதுமே இப்படி இருந்தவரல்ல.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பழம் ஏற்றிய டிரெய்லர் ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. இணைப்புக் கம்பியின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். எண்ணெய் ஆலையில் பழத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று மேற்பார்வை மண்டோர் தலைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். காப்ரியல் ஸ்பேனரின் வாலில் ஆறடி இரும்பு பைப்பைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தார். நட்டு அசையவில்லை, போல்ட்டுதான் முறிந்தது. பிடி தவறிய பைப், எதிர்ப்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த காளியண்ணனின் முகத்தில் போய் அடித்தது. அவருடைய இடது கண் போய்விட்டது.

காளியண்ணன் காப்ரியலைவிட நாலு வயது மூத்தவர். இருவரும் ஒரே வருடம் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர்கள். கண் போனபிறகு நிர்வாகம் அவருக்குத் தண்ணிக் கதவைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தது. தோட்டத்து வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில், கடலைத் தடுக்கும் அணைக்கு அடியில் இருக்கும் இரும்புக் கதவு அது. ஓதம் இறங்கிக் கடல் வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது கதவு தானே மூடிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அந்த இடம் மூன்று கிலோமீட்டர். இந்தத் தூரம் காப்ரியலுக்கு ஒருவகையில் வசதியாகப் போயிற்று. கல்யாணத்திலோ துக்க வீட்டிலோ பார்த்தால் இருவரும் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். காப்ரியலின் மனைவி வெரோனிக்கா மட்டும் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் பலகாரத் தட்டோடு போய்வருவாள். "ஒரு தடவ நீங்களும் வாங்களேன்," என்பாள். "வரேன், வரேன்," என்பார் அவர். போனதில்லை.

போன டிசம்பரில் நான்கு நாள் விடாமல் மழை. வாய்க்கால் நிரம்பிக் தொழிலாளர்கள் இருக்கும் கீழ் லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கடல் வற்றியும் கதவு திறக்கவில்லை. அதைத் தாங்கும் கீல்கள் துருவேறி இறுகிவிட்டன. கீல்களை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருந்த நான்கு நட்டுகளையும் கழற்றினால்தான் கதவைச் சங்கிலியில் தூக்க முடியும். கேஸ் வைத்து வெட்டுகிறவர் அசாம் ஜாவா டவுனிலிருந்து வரவேண்டும். சாலை தண்ணீருக்குள் இருந்தது.

உதவி மேனேஜர் சுகுமாறன், இருபத்தெட்டு வயசுக்காரர், காப்ரியலைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அணைமேல் மழைக்கோட்டோடு காளியண்ணன் நின்றிருந்தார்.

"வா காப்ரியல்," என்றார். காப்ரியல் தலையசைத்தார்.

கீழே இறங்கி நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். உப்பும் துருவும் சேர்ந்து, எது நட்டு எது சட்டம் என்று தெரியவில்லை.

சுகுமாறன் பிக்கப்பிலிருந்து நீளமான பைப் ஒன்றைத் தூக்கி வந்தார். "அங்கிள், இதப் போட்டு ஒரே இழு லா. அங்க சின்னப் பிள்ளைங்கல்லாம் கட்டில்மேல உக்காந்திருக்கு."

காளியண்ணன் இருந்த பக்கம் காப்ரியல் திரும்பவில்லை.

"பைப்ப வண்டியில வைங்க சார். போல்ட்டு முறிஞ்சா கதவு சாஞ்சி விழுந்துடும். அப்புறம் கடல் ஏறும்போது தடுக்க ஒன்னும் இருக்காது. அதே வீட்டுக்குள்ள உப்புத்தண்ணி வரும்."

"அப்ப எவ்ளோ நேரம் ஆகும்?"

"நாளைக்கு மத்தியானம்."

சுகுமாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவன் சொல்றபடி விடுங்க சார்," என்றார் காளியண்ணன்.

சுகுமாறன் பிள்ளைகளைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றிவிடப் போனார். காப்ரியல் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினார். கியர் எண்ணெயும் பெயிண்ட் தின்னரும் பாதிக்குப் பாதி கலந்து வைத்திருந்த டின்னைத் திறந்து, மரைகளுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். சின்னச் சுத்தியலால் நட்டைச் சுற்றித் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, எண்ணெய் உள்ளே இறங்குவதற்கான தட்டல். கடல் ஏறினால் எண்ணெயைக் கழுவிவிடும் என்பதால், ஒவ்வொரு நட்டுக்கும் எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைப் போட்டு, டயர் டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டினார்.

கட்டுவதற்கு முன் எண்ணெய் ஊறக் காத்திருந்த அரைமணி நேரம், இரண்டு பேரும் அணைச் சரிவில் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஏன் வரல நீ?" என்றார் காளியண்ணன். "ஆஸ்பத்திரியில பதினாறு நாள் கெடந்தேன்."

காப்ரியல் எண்ணெய் டின்னின் மூடியை இறுக்கினார். "மூனு தடவ வந்தேன்ணே. வாசல் வரைக்கும். மோட்டார் சைக்கிள நிறுத்திட்டு நிப்பேன். அப்புறம் திரும்பிடுவேன்."

"எனக்கு ரொம்பக் கோவம் இருந்துச்சி. ரெண்டு வருஷம் இருந்திருக்கும். நீ வந்திருந்தா வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அப்புறம் அது போயிடிச்சி. எப்ப போச்சின்னுகூடத் தெரியல. நீதான் வந்து பாக்கவே இல்லையே."

"என் தப்புதாண்ணே. ரெண்டுமே."

"ஆமா," என்றார் காளியண்ணன்.

மறுநாள் காலை கடல் இறங்கியதும் கட்டுகளை அவிழ்த்து மறுபடியும் எண்ணெய் விட்டார்கள். மத்தியானம் முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தபோது அது முனகிக்கொண்டே திரும்பியது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்துவிட்டன. நான்காவது கழலவில்லை, போல்ட்டும் கூடவே சுற்றியது. பின்பக்கம் இன்னோர் ஆள் ஸ்பேனர் வைத்துப் பிடித்தாக வேண்டும். காப்ரியல் மேலே நின்றிருந்த சுகுமாறனைப் பார்த்தார். அதற்குள் காளியண்ணன் தண்ணீரில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஸ்பேனரைப் பொருத்தினார்.

"அங்க நிக்காதீங்கண்ணே."

"வேற எங்க நின்னு பிடிக்கிறது? நீ உன் வேலையப் பாரு."

காப்ரியல் இரண்டு முறை ஸ்பேனரை எடுத்து மறுபடி வைத்தார். கழற்றும் பக்கம் இழுக்காமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். அவர் அப்படியே உறைந்துபோனார்.

"முறியல," என்றார் காளியண்ணன். "துருதான் விட்டுச்சி. இப்ப திருப்பு."

மெதுவாக, கால் சுற்று முன்னும் பின்னுமாக, நடுவில் எண்ணெய் விட்டு விட்டு இருபது நிமிடம் திருப்பினார். நான்காவது நட்டும் அவர் உள்ளங்கைக்கு வந்தது. காப்ரியல் அப்படியே சட்டத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. காளியண்ணன் சுற்றிவந்து அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

சங்கிலி போட்டுக் கதவைத் தூக்கினார்கள். பழுப்புத் தண்ணீர் மட்டைகளையும் செருப்புகளையும் இழுத்துக்கொண்டு கடலை நோக்கி ஓடியது. கடல் ஏறும்போது கதவை இறக்கி, இறங்கும்போது தூக்கி, இரண்டே நாளில் லயத்துத் தண்ணீரை வடித்துவிட்டார்கள். ஆனாலும் ஆறு வீடுகளில் மெத்தையும் பிள்ளைகளின் புத்தகங்களும் உதவாமல் போயின. ஒருநாள் முன்னாலேயே கழற்றியிருக்கலாம் என்று சிலர் பேசினார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெரோனிக்காவோடு காளியண்ணன் வீட்டுக்குப் போனார். காளியண்ணனின் மனைவி இராஜம்மா கதவைத் திறந்தார். "வழி தெரிய பதினோரு வருஷம் ஆச்சா?" என்று மட்டும் கேட்டார். காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் திரும்ப வெளியே வரவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் அவரும் கூட உட்கார்ந்தார்.

இப்போது காளியண்ணன் ஓய்வு பெற்று, செரண்டாவில் மகள் ஷாமளா வீட்டில் இருக்கிறார். காப்ரியல் மாதம் ஒரு ஞாயிறு மோட்டாரில் போய்வருகிறார். போனால் காளியண்ணனுக்கு வலப்பக்கம்தான் உட்காருவார், அவர் திரும்பாமலே பார்க்கட்டும் என்று. தோட்டத்தில் யார் யார் வேலையை விட்டார்கள், எந்தப் பக்கம் மறுநடவு, வாசலில் வைத்த பப்பாளி ஏன் காய்க்கவில்லை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பல நேரம் ஒன்றுமே பேசாமல், பக்கத்தில் ரயில் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.