ரேடியேட்டருக்கு ஒரு வலை

வலைக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மீன் பிடிக்கிற வலை இல்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவர். அலுமினியப் பட்டையில் சட்டம் செய்து, வலையை விறைப்பாக இழுத்து, ரப்பர் கயிற்றால் பள்ளத்தில் அழுத்திவிட்டாரானால், அதற்கப்புறம் ஒரு கொசு தலைகீழாக நின்றாலும் உள்ளே வர முடியாது. வேலையில் அவ்வளவு சுத்தம். வண்டி விஷயத்தில்தான் மனிதர் பயந்தாங்கொள்ளி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சிநேகிதனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய், திருப்பத்தில் விழுந்து, காலை முறித்துக்கொண்டவர். அன்றைக்கே மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டார். எங்கே போவதானாலும் சைக்கிள்தான்.

வாய்த்த மனைவி அதற்கு நேர்மாறு. கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும்; கன்று போடச் சிரமப்படுகிற மாட்டுக்குக் கைகொடுக்க வேண்டும். ஐஸ் போட்ட மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பெரிய மோட்டார் சைக்கிளில் பறக்க, வலைக்காரர் வலைச்சுருளோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது.

ஒருநாள் அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் போட்டால் கிடைக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பால் வேன் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள். பின்னாலேயே அவளும் இறங்கினாள். முகமெல்லாம் புழுதி.

"குவாரி ரோட்டுல ஜல்லி லாரி ஒண்ணு முன்னால போச்சுங்க. டொக்குன்னு ஒரு சத்தம். பார்த்தா ரேடியேட்டர்ல ஓட்டை. தண்ணி பூரா கொட்டிப்போச்சு. போன்ல சிக்னலும் இல்ல" என்றபடி மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினாள். ஐஸ் உருகி வெறும் தண்ணீராக நின்றது. "மருந்து அத்தனையும் வீண். அங்க பாவம் மாட்டைக் கட்டிவச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க."

பெட்டியை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் அசராதவள். வலைக்காரருக்கு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் அவளுடைய தம்பி வந்து வண்டியைப் பிரித்தான். தம்பி மெக்கானிக். மாமாவைச் சீண்டுவதென்றால் அவனுக்குச் சர்க்கரை தின்ற மாதிரி. பழைய ரேடியேட்டரைக் கழற்றி மாமா கையில் கொடுத்தான். மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருந்தன. நடுவில் ஒரே ஒரு துளை.

"எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணி இதுக்குள்ளதான் ஓடுது மாமா. முன்சக்கரத்துக்குப் பின்னால நெஞ்சைக் காட்டிக்கிட்டு நிக்குது. கல்லு வந்தா நேரா இங்கதான் அடிக்கும்."

"புதுசு மாட்டினா, மறுபடியும் கல்லடி படாதா?"

"படும். முன்னால தடுப்பா ஒரு கார்டு போட்டாத் தப்பிக்கலாம். ஆனா இது பழைய மாடல், இதுக்குன்னு கார்டு கடையில கிடைக்கல. வேற வண்டியோடதை வாங்கினா போல்ட்டுத் துளை சேராது."

"கார்டுன்னா எப்படி இருக்கும்?"

"ஒரு சட்டம், அதுல ஒரு வலை. அவ்வளவுதான்."

வலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுக்கா இவ்வளவு யோசனை? என்கிட்ட விடு."

கையில் இருந்ததிலேயே உசத்தியான ஸ்டீல் கொசுவலையை எடுத்தார். அளந்து வெட்டி, சட்டம் போட்டு, தம்பி பொருத்திய புது ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டிப் பார்த்தார். பளபளவென்று நகைக்கடைப் பொருள் மாதிரி இருந்தது. "என் வண்டிக்கா இது!" என்று மனைவி வாய்விட்டுச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் வலைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

குளிர்ச்சி ரொம்ப நாள் நிற்கவில்லை. மேட்டு ரோட்டில் ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டுகிற விளக்கு எரிந்ததென்று வண்டியை ஓரங்கட்டி, கார்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வலை முழுக்கச் சேறும் பூச்சியும் அப்பியிருந்தது. தம்பி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"ஏன் மாமா, ரேடியேட்டரைக் கொசு கடிச்சிரும்னு பயந்துட்டீங்களா? கொசுவே நுழையாத இடத்துல காத்து எப்படி மாமா நுழையும்?"

அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலைக்காரருக்கு மட்டும் சுருக்கென்றது. வலையில் போய்த் தோற்பதா? சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்.

"அங்க பறக்கிற கல்லு என்ன அளவு இருக்கும்?"

"நான் ரோட்டைப் பார்ப்பேனா, கல்லை அளப்பேனா? வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் காலையில் அவள் வண்டியை வெளியே எடுத்தபோது, அளவு டேப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தம்பியின் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார் வலைக்காரர்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஜன்னலைப் பார்க்காம நான் என்னைக்காவது வலை அடிச்சிருக்கேனா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மருந்துப் பெட்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கட்டி இடம் பண்ணிக்கொடுத்தாள்.

தார் ரோடு முடிகிற வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் தோளைப் பிடித்த பிடியில், "சட்டை கிழிஞ்சிரும்ங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள். குவாரி ரோட்டில் குலுக்கல் தாங்காமல்தான் கண் திறந்தது. எதிரே ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவள் பதறவில்லை. வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, தலையைச் சற்றுக் குனிந்துகொண்டாள். சடசடவென்று கல் தெறித்தது. ஒன்று அவர் முழங்காலைப் பதம் பார்த்தது.

"யம்மா! தினமும் இப்படித்தானா?"

"இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்றாள்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தரையில் கிடந்த கற்களைப் பொறுக்கி விரலால் உருட்டிப் பார்த்தார். வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில்தான் சேறு அதிகம். லாரி வீசுவது கொஞ்சம்; அவளுடைய முன்சக்கரமே கீழிருந்து வாரியடிப்பது அதைவிட ஜாஸ்தி. வீட்டில் உட்கார்ந்து எத்தனை அளந்திருந்தாலும் இது பிடிபட்டிருக்காது.

அன்றைக்குப் போன முதல் பண்ணையில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அவள் போன வேகத்தில் கையைக் கழுவிக்கொண்டு மாட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். தோள்வரைக்கும் கை உள்ளே போயிற்று. "கால் மடங்கிக் கிடக்கு. யாரும் இழுக்காதீங்க" என்ற அவள் குரலுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. மாட்டின் தலையைத் தடவிக்கொண்டிருக்கச் சொல்லி வலைக்காரரையும் வேலை வாங்கினாள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்து தும்மியபோது, அவருக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது. இத்தனை வருஷம் இவள் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புவதை மட்டும்தானே பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

பண்ணைக்கார அம்மா காபி கொடுத்தாள். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டாள். சொன்னார். "அப்படியா! எங்க தொழுவத்துல ஈத் தொல்லை தாங்கல. மாடு நிம்மதியாப் படுக்க மாட்டேங்குது. வலை அடிச்சுத் தருவீங்களா?" என்றாள். முதலில் ரேடியேட்டர், அப்புறம் தொழுவம் என்று சொல்லிவைத்தார்.

இரண்டாவது கார்டுக்குக் கெட்டிக் கம்பி வலையாகத் தேடினார். வலைக்கண் பட்டாணி அளவு; காற்று போகும், ஜல்லி போகாது. ரேடியேட்டரை ஒட்டாமல் ஒரு விரல் தள்ளி நிற்கிற மாதிரி சட்டம் வைத்தார். வலை நசுங்கினாலும் உள்ளே இடிக்கக் கூடாது அல்லவா? கீழ்ப்பக்கம் சட்டத்தை நீட்டி, சக்கரம் வாரியடிப்பதைத் தடுக்க ஒரு மடிப்பு கொடுத்தார். குலுக்கலில் விரிசல் விடாமலிருக்க போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர். தம்பி எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மின்விசிறி சுற்றி நிற்கிறவரை பொறுமையாகப் பார்த்தான். பிறகு மேட்டு ரோட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்தான்.

"சூடே ஏறல மாமா. பார்க்க நகை மாதிரி இல்ல, ஆனா இதுதான் கார்டு."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். வலைக்காரர் காதில் விழாத மாதிரி கம்பித் துண்டுகளைப் பெருக்கினார்.

மழை தொடங்கிய வாரத்தில் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே கூப்பிட்டாள். "வந்து பாருங்க!" கார்டின் நடுவில் இரண்டு கம்பி உள்வாங்கி வளைந்திருந்தது. அதன் பின்னால் ரேடியேட்டரில் கீறல்கூட இல்லை. "டொக்குன்னு அதே சத்தம்ங்க. என் உயிரே போயிருச்சு. இறங்கிப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. நேரத்துக்குப் போய் ஊசி போட்டுட்டு வந்துட்டேன்."

வளைந்த கம்பியை அவர் விரலால் தடவிப் பார்த்தார். புதிதாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தொழுவத்து வேலைக்குக் கிளம்பினார்கள். வலைச்சுருள் ஆள் உயரம் இருந்தது. அதை வண்டியில் எப்படிக் கொண்டுபோவது என்று வாசலில் பெரிய வாக்குவாதம்.

"குறுக்கே பிடிச்சா எதிர்ல வர்றவங்களைத் தட்டும். நிமிர்த்திப் பிடிங்க" என்றாள்.

"நிமிர்த்திப் பிடிச்சா உன்னை எதால பிடிக்கிறது?"

"ஒரு கை போதும்ங்க."

வலைக்காரர் ஏறி உட்கார்ந்தார். ஒரு கையில் சுருள், ஒரு கை அவள் தோளில். "மெதுவாப் போ" என்றார். அவள் சரி என்றாள்; ஆனால் மெதுவாகப் போகவில்லை.