எழும்புவதற்கு ஒரு ஏணை

அந்த வீடியோ இன்னும் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் கிடக்கிறது. அழிக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டும் ஒருவரும் அழிக்கவில்லை. அதில் இரண்டு பேர் என் கைகளைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறார். நான் பாயிலிருந்து மெல்ல மெல்ல மேலே வருகிறேன். பின்னணியில் என் தங்கையின் கணவர் கரைவலை இழுப்பவர்களைப் போல "ஏலேலோ" பாடுகிறார். வீடியோ எடுத்தவரும் அவர்தான்.

வருடத்துக்கு ஒரு தடவை, பௌர்ணமிப் போயா விடுமுறையோடு ஒட்டி வரும் சனி ஞாயிறில், தங்கையின் குடும்பமும் பெரியப்பாவின் பிள்ளைகளும் நானுமாக வெளியில் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவோம். முன்பு தம்பலகாமத்துக் குளக்கரைக்குப் போனோம். யானைக்குப் பயந்து அதை விட்டுவிட்டு இப்போது இறக்கக்கண்டிக்கு அப்பால், தெரிந்தவர் ஒருவரின் கடலோரக் காணிக்குப் போகிறோம். வாகனம் பிரதான வீதியோடு நின்றுவிடும். மிச்சத்தை மணலுக்குள்ளால் நடக்கவேண்டும். அவரவர் படுக்கையை அவரவரே சுமக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவர் மச்சான், அதாவது தங்கையின் கணவர். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகில் வேலை. அங்கே என்ன அதிகாரமோ தெரியாது, கூடாரம் அடிக்கும் இடத்தில் அவர்தான் கப்டன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் நேர்ஸாக நின்ற முழங்கால்கள். நிற்கவும் நடக்கவும் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. நிலத்தில் இருந்துவிட்டு எழும்பத்தான் ஏலாது. போன வருடம் அந்த வீடியோ எடுத்த அன்றைக்குப் பாயில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் திகதி குறித்ததும் மச்சான் குறூப்பில் போட்டார்: "இந்த முறை மச்சாள் வீட்டை நிக்கட்டும். பாவம், அவவுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். சமைச்சுத் தந்தால் போதும்." கீழே ஏழெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். அந்தப் "பாவம்" என்ற சொல்லைத்தான் தாங்க ஏலாமல் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆட்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவிட்டவள் நான். என்னை வீட்டில் சோறு கட்ட வைத்துவிட்டு இவர்கள் போய்க் கடற்காற்று வாங்கப் போகிறார்களாம்.

"நான் வாறன். என்ர படுக்கையை நானே கொண்டு வருவன். நானே எழும்புவன். ஒருத்தரும் கை தரத் தேவையில்லை" என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் யோசித்தேன், எப்படி என்று.

மடக்குக் கட்டில் ஒன்று பார்த்தேன். தூக்கிப் பார்த்ததும் வைத்துவிட்டேன். அதைச் சுமந்து மணலில் நடந்தால் இருக்கிற முழங்காலும் போய்விடும். காற்றடிக்கும் மெத்தை நிலத்தில்தான் கிடக்கும். அதற்குப் பாயே மேல்.

அந்தக் கிழமை எங்களோடு வேலை செய்த ஒருவரின் பிரியாவிடை நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் நடந்தது. முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கு இடையில், வெள்ளைக்காரர் மத்தியானத்தில் படுத்துக் கிடக்கிற ஹமொக் ஒன்று தொங்கியது. வெள்ளைக் கயிற்று வலை, இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்க மரத்தடி. பார்க்க நல்ல வடிவு. நிலத்தைத் தொடாத படுக்கை, சுருட்டினால் கையில் அடங்கும். எனக்காகவே செய்தது போல இருந்தது. போய் ஓரத்தில் இருந்தேன். அவ்வளவுதான், அது ஒரு சுழற்று சுழற்றி என்னை மணலில் போட்டது. வெயிட்டர் பொடியன்கள் இரண்டு பேர் ஓடி வந்து கை கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் குணம் எனக்குத் தெரியும், விழுத்தின சாமானை நான் சும்மா விடமாட்டேன்.

அடுத்த நாள் டவுனில், படகுச் சாமானும் கூடாரமும் விற்கிற கடைக்குப் போனேன். கிண்ணியாப் பக்கத்து முதலாளி, வாய் ஓயாத மனிதர். என்ன வேண்டும் என்று சொன்னதும் மூன்றை எடுத்து மேசையில் போட்டார். ஒன்று ஹோட்டலில் என்னை விழுத்தியதன் கூடப்பிறந்தது. "இது வேண்டாம்" என்றேன், கையால்கூடத் தொடவில்லை. அடுத்தது மெல்லிய நைலோன் வலை.

"இதை எடுங்க அக்கா. மீன்வலை நூல்தான். சுறா விழுந்தாலும் அறாது."

"சுறாவுக்கு எழும்பத் தேவையில்லை. எனக்கு எழும்பவேணும்" என்றேன். விரலை விட்டுப் பார்த்தேன். மோதிரம் கண்ணியில் மாட்டிக்கொண்டது. சேலை ஊசி, சட்டைப் பொத்தான், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் சாமான். விடிய எழும்பினால் முதுகெல்லாம் வலைக்கண் பதிந்திருக்கும்.

மூன்றாவது பரசூட் துணி. மழுமழுவென்று மெல்லிசாக இருந்தது. சுருட்டினால் ஒரு பேக்கரிப் பாண் அளவு பையில் அடங்கியது. அதிலேயே இரண்டு அகலம். ஒடுக்கமானது இன்னும் பாரம் குறைவு என்று அதைத்தான் முதலாளி முன்னுக்குத் தள்ளினார்.

"ரெண்டு ஆளைத் தாங்கும் அக்கா, பயப்படாம படுங்க."

"படுக்கிறதை விடுங்கோ. படுக்க எல்லாருக்கும் தெரியும். எப்பிடி எழும்புறது எண்டு சொல்லுங்கோ."

முதலாளியிடம் வாங்க வந்த எவரும் அதைக் கேட்டதில்லையாம். கடைக்குப் பின்னால் சாமான் இறக்குகிற இடத்தில் இரண்டு தூண்கள் இருந்தன. "கட்டிப் பாப்பம், வாங்க" என்று கூட்டிப் போனார். ஒடுக்கமானதை எடுத்து, உடுப்புக் காயப்போடுகிற கயிறு மாதிரி விறைக்க இழுத்துக் கட்டினார். நான் இருந்தேன். துணி இரண்டு பக்கமும் சுருண்டு இடுப்பை நெரித்தது, கால் அந்தரத்தில் நின்றது, பின்பக்கமாகச் சரியப் பார்த்தேன். தூணைப் பிடித்துத் தப்பினேன். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தூணைப் பிடித்தபடி அந்தத் துணியை ஒரு முறை முறைத்தேன். அப்போதுதான் மனதில் பட்டது. சேச்சே, இது என்ன புதுச் சாமானா? இது ஏணையல்லவா. இரண்டு பிள்ளைகளைக் கூரை வளைமரத்தில் சேலை கட்டி ஏணையில் வளர்த்தவள் நான். எந்தத் தாயாவது ஏணையை விறைக்க இழுத்துக் கட்டுவாளா? கட்டினால் பிள்ளை உருண்டு விழுந்துவிடும். ஏணை தொய்ந்து, ஆழமாக, வயிறு வைத்த மாதிரித் தொங்கவேண்டும். பிள்ளையை நேராகக் கிடத்தவும் மாட்டோம், கொஞ்சம் குறுக்காகத்தான் கிடத்துவோம், அப்போதுதான் முதுகு கூனாமல் கிடக்கும். இதையெல்லாம் எனக்கு மறக்கப்பண்ணியது அந்த "ஹமொக்" என்கிற பெயர்தான்.

"அகலமானதைத் தாங்கோ. கட்டுறதை நான் பாக்கிறன்" என்றேன். கயிற்றையும் வேண்டாமென்றேன். மரத்தைச் சுற்றிப் போடுகிற அகலப் பட்டி ஒன்று இருந்தது, இடைக்கிடை வளையம் தைத்தது. முடிச்சுப் போடத் தேவையில்லை, கொளுக்கியை வேண்டிய வளையத்தில் மாட்டினால் உயரம் கூடும் குறையும். உயர மாட்டி, நன்றாகத் தொய்ய விட்டேன். துணியை விரித்து நடுவில் குறுக்காக இருந்தேன். இரண்டு பாதமும் நிலத்தில் ஊன்றின. கதிரையில் இருப்பதைவிட நாலு விரல் உயரம். வார்ட்டில் தினமும் சொல்கிறதை எனக்கே சொன்னேன்: விளிம்புக்கு வாங்கோ, காலை ஊண்டுங்கோ, தலையை முன்னுக்குக் கொண்டு வாங்கோ, இப்ப எழும்புங்கோ.

எழும்பிவிட்டேன். ஒரு கையும் பிடிக்காமல் எழும்பினேன். நம்பாமல் திரும்ப இருந்தேன், குறுக்காகச் சரிந்து படுத்தேன், திரும்ப எழும்பினேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கை தட்டினார். வெட்கப்படவில்லை, சொல்லப்போனால் நன்றாக இருந்தது. முதலாளி தானும் ஒரு தடவை படுத்துப் பார்த்துவிட்டு, இனி வருகிறவர்களுக்கு இப்படித்தான் கட்டிக் காட்டுவேன் என்றார்.

போயா வந்தது. என் பையை நானே முதுகில் போட்டு மணலுக்குள்ளால் நடந்தேன். சட்டம் போட்ட மச்சான் மெத்தை, தலையணை, குளிர்பெட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு பின்னால் மூச்சு வாங்கி வந்தார். காணியில் தென்னைகளின் பக்கமே நான் போகவில்லை, தலையில் தேங்காய் விழுந்து சாக எனக்கு விருப்பமில்லை. ஒரு வேம்பும் ஒரு பூவரசும் அளவான இடைவெளியில் நின்றன. அவற்றில் மாட்டினேன். கைகழுவி வருவதற்கிடையில் மச்சான் அதை அவிழ்த்து, பட்டியைச் சுருக்கி, விண்ணென்று இழுத்து வைத்திருந்தார்.

"மச்சாள், தொங்கிப்போய்க் கிடந்தது. நான் சரியாக்கி விட்டிருக்கிறன். கயிறெண்டால் விறைப்பா நிக்கவேணும்."

"அது கப்பல் இழுக்க. இது ஏணை மச்சான். கையை எடுங்கோ."

"அம்பத்தாறு வயசில ஏணையோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பழையபடி தொய்ய விட்டேன். பிறகு பின்னேரம் முழுக்க அதில்தான் கிடந்தேன். கடற்காற்று கீழால் வந்து முதுகைக் குளிரப்பண்ணியது, ஒரு போர்வையை மடித்துக் கீழே போட்டதும் அதுவும் சரி. முழங்கால் இரண்டும் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உயரத்தில் ஓய்ந்து கிடந்தன. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தங்கை வந்து வந்து பார்த்தாள். "அக்கா, எழும்பவேணுமெண்டால் கூப்பிடு" என்றாள். "நீ போய் உன்ர வேலையைப் பார்" என்றேன்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் விழித்தேன். குறுக்காகத் திரும்பினேன், காலை இறக்கினேன், ஊன்றினேன், எழும்பினேன். ஆள் அரவம் இல்லை. பார்க்க ஒருவரும் இல்லையே என்று கொஞ்சம் கோபமும் வந்தது. கடற்கரை வரை நடந்து வந்து, அடுப்பு மூட்டித் தேத்தண்ணீர் வைத்தேன். அப்போது கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

மச்சானின் காற்று மெத்தை இரவில் காற்றுப் போய்ச் சப்பளிந்துவிட்டது. மனிதர் வெறும் நிலத்தில் கிடந்திருக்கிறார். இடுப்புப் பிடித்துவிட்டது. தங்கை கையைப் பிடித்து இழுக்க, அவர் ஐயோ ஐயோ என்கிறார்.

"இழுக்காதை. விடு" என்றேன். "மச்சான், ஒரு பக்கமாத் திரும்புங்கோ. முழங்கையை ஊண்டுங்கோ. இனி முட்டுக்கால் போடுங்கோ. அவசரப்படாதேங்கோ. இப்ப என்ர தோளைப் பிடிச்சு எழும்புங்கோ." பச்சைப்பிள்ளை மாதிரிச் சொன்னதெல்லாம் செய்தார். நின்ற பிறகும் என் தோளை விடவில்லை.

தங்கை போனைக் கையில் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, எடுக்கவோ?"

"ஏன் கேக்கிறாய்? வடிவா எடு. குறூப்பிலயும் போடு."

மச்சானை மெல்ல நடத்திக்கொண்டு போய் என் ஏணையில் குறுக்காக இருத்தினேன். இடுப்பு கொஞ்சம் இளகியதும் சரிந்து படுத்தார். முகத்தில் நோவு குறைந்தது தெரிந்தது. தேத்தண்ணீரைக் கொடுத்தேன்.

"மச்சாள், இனி உங்களை வீட்டை நிக்கச் சொல்லமாட்டன்" என்றார். பிறகு துணியைத் தடவிப் பார்த்தார். "இதை எங்க வாங்கினனீங்கள்?"

"முதல்ல எழும்பிக் காட்டுங்கோ" என்றேன். "பிறகு சொல்லுறன்."