மஞ்சள் இல்லத்தைத் தின்ற மாடுகள்

என் பாடம் கணிதம். வருடம் தொடங்கிப் பிள்ளைகள் புதுக் கொப்பிக்கு உறை போட்டு முடிக்கவில்லை, அதற்குள் இல்ல விளையாட்டுப் போட்டி என்று அவர்களை வகுப்பிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். முரசுமோட்டைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் பாடசாலையில் மூன்று இல்லங்கள்: சிவப்பு, பச்சை, மஞ்சள். ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் அணிநடைக்கும் புள்ளி. மைதானத்து ஓரத்தில் ஒவ்வோர் இல்லமும் தனக்கென்று ஒரு கொட்டில் போட்டுச் சோடிக்க வேண்டும், அதற்கும் புள்ளி. மஞ்சளுக்குப் பொறுப்பாசிரியை நான். மூன்று வருடமாக மூன்றாமிடம். அதைக் கடைசி இடம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

அதற்காக அந்தப் பொறுப்பில் எனக்கு ஆசை இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. "இந்தத் தடிக்கும் தாளுக்கும் போற நேரத்தில ரெண்டு தேற்றம் படிப்பிச்சிருப்பன்" என்று பிள்ளைகளின் காதுபடவே சொல்லுவேன். வேறு யாரிடமாவது கொடுங்கோ என்று பாடசாலை அதிபரையும் அரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருடம் மஞ்சளுக்குத் தலைவி ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை. என் பாடத்தில் நாற்பது எடுத்தால் அவள் வீட்டில் அன்று திருவிழா. கவனமில்லாமல் விட்ட பிழைகளுக்காக அவளுடைய கொப்பியில் நான் சிவப்புப் பேனையால் அதிகம் எழுதிய சொல் 'கவலையீனம்'. ஆனால் இல்லக் கொடியைக் கையில் கொடுத்த நாளிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள். கொட்டில் முழுக்க நெற்கதிரால் சோடிப்போம் என்றாள். அறுவடைக் காலம். இப்போது வெட்டுகிறது மெசின்தான் என்றாலும், அது வயலுக்குள் இறங்கித் திரும்ப வசதியாக மூலைகளைக் கையால் வெட்டிவிடுவார்கள். அந்த மூலைக் கதிரை வீட்டுக்கு வீடு இரண்டு பிடி கேட்டு வாங்கலாம் என்பது அவளுடைய யோசனை. எத்தனை பிடி வேண்டும் என்று கேட்டேன். ஒரு தடியை எடுத்துக் கொட்டிலை நாலு பக்கமும் அளந்து, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்து, நூற்றிருபது என்றாள். நான் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு வந்தது. "ரெண்டு பிடி உதிரும் ரீச்சர்" என்றாள். நான் கடதாசியில் இருந்ததை வெட்டி நூற்றிருபது என்று எழுதினேன்.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் வேலை முடிந்தது. சிவப்பு இல்லம் துணியாலும் பச்சை இல்லம் மெல்லிய ரிசுத் தாளாலும் சோடித்திருந்தன. எங்கள் கொட்டில் பொன்னாய் நின்றது. பார்க்கப் பார்க்க எனக்குத் தலைக்கனம் ஏறியது. கதிர்க்கட்டு கொண்டுவருவதற்காக வயல் பக்கத்துக் கேற்றைத் திறந்து வைத்திருந்தோம். தலைவி அதைப் பூட்டப் போனாள். "நான் பூட்டிறன், பொழுதுபடுகுது, நீங்கள் எல்லாரும் வீட்டை போங்கோ" என்று நான்தான் அவர்களை அனுப்பினேன். அந்த நேரம் பரந்தன் பக்கம் போகிற பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. அதை விட்டால் ஒரு மணித்தியாலம் காத்து நிற்க வேண்டும். கைப்பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால் ஓடினேன்.

காலையில் வந்தபோது மைதானத்தில் ஏழெட்டு மாடுகள். துணியிலும் ரிசுத் தாளிலும் அவற்றுக்கு நாட்டமில்லை. மஞ்சள் இல்லத்தின் நாலு பக்கத்தில் மூன்றை மொட்டையாக்கிவிட்டு, ஒரு வெள்ளைப் பசு கொட்டிலுக்குள்ளேயே நின்று வாயில் கதிர் தொங்க அசைபோட்டுக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள்.

அதிபர் கோபத்தோடு வந்தார். "ஆர் கேற்றைப் பூட்டாமல் விட்டது?"

கேற்றை மறந்து முன்வாசலால் ஓடியது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எத்தனை வருடம் கவலையீனம் கவலையீனம் என்று மற்றவர்களின் கொப்பியில் எழுதியவள்! அந்த ஒரு நிமிடத்துக்குள் தலைவி முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான் சேர். மறந்துபோனன்."

"அப்ப இண்டைக்கு அணிநடையில நீ கொடி பிடிக்கத் தேவையில்லை. வேற ஒரு பிள்ளையிட்டைக் குடு."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது கடைசி வருடம். ஒரு மாதமாக வெறும் மண்வெட்டிப் பிடியைக் கொடியாக்கி வீட்டு முற்றத்தில் நடந்து பழகியவள் என்று அவளுடைய தாய் எனக்குச் சொல்லியிருந்தார். அவள் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடியை நீட்டினாள். அதற்கு மேலும் நான் பேசாமல் நின்றிருந்தால் என் முகத்தில் நானே விழித்திருக்க மாட்டேன்.

"சேர், அவளில்லை. பூட்டிறன் எண்டு சொல்லிப்போட்டுப் பஸ்ஸுக்கு ஓடினது நான். என்ரை கவலையீனம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். பச்சை இல்லத்துப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிபர் என்னைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், கொடியை வாங்கித் திரும்பத் தலைவியிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் பக்கத்து வயலில் இருந்து வைக்கோலை அள்ளி வந்து மொட்டை இடங்களை மூட ஓடினார்கள். நான் அவளை மறித்தேன்.

"ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "நீங்கள் எண்டு தெரிஞ்சால் அதிபர் உங்களிட்டை இருந்து எங்களை எடுத்துப் போடுவார். நீங்களும் சந்தோஷமா விட்டிட்டுப் போயிடுவியள்."

அந்தச் 'சந்தோஷமா' என் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. நான் புறுபுறுத்ததை எல்லாம் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டும் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கப் பார்த்திருக்கிறார்கள்.

"ஆர் சொன்னது விட்டிட்டுப் போவன் எண்டு? நான் ஒரு இடமும் போகேல்லை. போய் நில்லு, அணிநடைக்குக் கூப்பிடுகினம்" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன்.

அணிநடையில் கொடி பிடிப்பவர் நேரே பார்த்துத்தான் நடக்க வேண்டும், அக்கம்பக்கம் பார்த்தால் புள்ளி குறையும். அவள் நிமிர்ந்து, ஒரு பிசகில்லாமல் நடந்து வந்தாள். நான் நின்ற இடத்துக்கு நேரே வந்ததும் கழுத்தைத் திருப்பி, எல்லாப் பல்லும் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தாள். நடுவர் குனிந்து தாளில் ஏதோ எழுதினார். நானும் கைகாட்டிச் சிரித்தேன்.