அம்மா நசுக்கிய வவ்வால் ஈக்கள்

“இன்னாம்மா, வவ்வாலுக்குப் பேன் பாக்கறதுக்கா உங்கம்மா உன்ன எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வச்சாங்க?”

ஒரகடத்தில் அம்மா துப்புரவு வேலை பார்க்கும் கிடங்கின் சூப்பர்வைசர் கேட்டது இது. சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

“பேன் இல்ல சார், ஈ. றெக்கை இல்லாத ஈ. வவ்வால் ரத்தத்தக் குடிச்சு வாழுது. அதுக்குள்ள என்ன பாக்டீரியா இருக்குன்னு பாக்கறேன்” என்றேன்.

கிடங்கின் பின்னால் ஒரு பழைய ஷெட். கூரை இடுக்கெல்லாம் வவ்வால். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் ஈக்களைப் பிடித்துத் தரச்சொல்லி அம்மாவிடம் கேட்டேன். செத்து விழும் வவ்வாலின் மயிருக்குள் அந்த ஈக்கள் சிலந்தி போல ஓடும். இடுக்கியும், ஸ்பிரிட் ஊற்றிய குப்பிகளும், ஒரு டப்பா கையுறையும் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் குப்பிகள் நிறைந்தன.

ஆய்வகத்தில் சோதித்ததில், பல ஈக்களில் பார்டோனெல்லா என்ற பாக்டீரியா இருந்தது. அதன் இனத்தில் சில, மனிதருக்கு நாள்கணக்கில் காய்ச்சல் தரும்; இதய வால்வையே கெடுக்கும். வவ்வாலிடம் இருப்பது நமக்கும் தொற்றுமா என்பது உறுதியாகத் தெரியாது. முடிவு வந்த சந்தோஷத்தில் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். அம்மா படுத்திருந்தாள். ஐந்து நாளாகக் காய்ச்சல். கிளினிக்கில் வைரல் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

“ஓடுனதுங்களக்கூட நான் வுடலடி” என்றாள் பெருமையாக. “கட்டவிரல் நகத்துல வச்சு பட்டுனு நசுக்கிட்டேன். உனக்குப் பேன் குத்துவேனே, அந்தக் கணக்கா.”

“கையுறை?”

“பீரோவுல கீது. புதுசாச்சே, உனக்கு ஒதவும்னு வச்சிக்கினேன்.”

அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். தரை கழுவும் ஆசிட் பட்டுப் பட்டு நகக்கண்கள் வெடித்திருந்தன. பேனை நசுக்கும் விரலின் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் பேனை எப்படிக் கொல்வோம் என்று எனக்குத் தெரியாதா? குப்பிகளைக் கொடுத்தபோது அம்மாவிடம் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“இன்னாடி, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு?” என்றாள்.

மறுநாள் காலை அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஈக்களின் ஆய்வக முடிவைப் பார்த்த டாக்டர், “இதையெல்லாம் பொறுக்கச் சொன்னது யாரு?” என்றார்.

“நான்தான் சார்.”

ரத்தம் எடுத்தார்கள். அதனுடன் போகவேண்டிய படிவத்தில், ‘வவ்வால் ஈக்களை வெறும் நகத்தால் நசுக்கியிருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.