தாமல் ஏரி வரைக்கும் சாக்குப்போக்கு

சனிக்கிழமை காலை ஏழு மணி, திருச்சி சந்திப்பு. செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயில் நாற்பது நிமிடம் தாமதமாக வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நடைமேடையில் நின்றவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நாற்பதே நிமிடத்தில் ரயில் வந்து நின்றது.

என் மகள் வினோதினிக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாடி அறை ஒன்றில் இரண்டு வருடமாக இருக்கிறாள். அடுத்த வருடம் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கப் போகிறாளாம். அதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால் ஒத்திகையாக, கோடையில் காய்ந்து கிடக்கும் தாமல் ஏரியில் ஒரு குழு நடத்தும் பாராசூட் பறத்தலுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஜீப்பில் கயிறு கட்டி இழுப்பார்கள், நாம் இருநூறு அடி உயரம் போவோம். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஒரு பெயர் அவளுடையது, இன்னொன்று என்னுடையது.

எனக்கு ஐம்பத்தாறு வயது, பள்ளி அலுவலகத்தில் கிளார்க். முப்பது வருடமாக மலைக்கோட்டையின் நிழலில் குடியிருந்துகொண்டு, உச்சிப்பிள்ளையாரைக் கீழே தெருவிலிருந்தே கும்பிடுகிறவள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூடக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போக மாட்டேன். அப்படிப்பட்டவள் ஏன் சரி என்று சொன்னேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முந்தின இரவு ஒரு நல்ல காரியம் நடந்தது. சமையலறையில் பாலை இறக்கும்போது தலையில் பொத்தென்று பல்லி விழுந்தது. தலையில் பல்லி விழுந்தால் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். உடனே வினோவுக்குப் போன் போட்டேன். வருத்தமான குரலில்தான் சொன்னேன்.

"அம்மா, நீ எந்த ஊருக்கு வரேன்னு மறந்துட்டியா?" என்றாள். "பல்லி தோஷத்துக்கு ஊர் உலகமே இங்கதான் வந்துக்கினு இருக்குது. நாளைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போயி தங்கப் பல்லியத் தொட்டுட்டு, மறுநாள் காலையில பறக்கலாம். வா."

இரண்டே வருடத்தில் பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது.

பகல் பன்னிரண்டரைக்குச் செங்கல்பட்டில் காஞ்சிபுரம் பஸ் கிடைத்தது. சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வாலாஜாபாத் தாண்டும்வரை அனல் காற்று முகத்தில் அடித்தது. ஐயம்பேட்டையில் ஒரு கூட்டம் ஏறியது. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு ராட்டினத்தைப் பற்றி.

வினோவுக்கு அப்போது எட்டு வயது. திருச்சியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம் ஏற வேண்டும் என்று அடம்பிடித்தாள். இரண்டு டிக்கெட் வாங்கி இருவரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தோம். அடுத்த பெட்டிக்கு ஆள் ஏற்றுவதற்காக எங்கள் பெட்டியை ஓர் ஆள் உயரம் தூக்கினார்கள். அவ்வளவுதான், நான் கத்திவிட்டேன். ராட்டினக்காரர் பெட்டியைக் கீழே கொண்டுவந்தார். நான் இறங்கினேன். குழந்தை இறங்க மாட்டேன் என்றது. அவளைத் தனியாக விட்டுவிட்டு, சுற்றி முடியும்வரை வேலிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளையை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கி வந்தவள் என்கிற நினைப்பு பதினெட்டு வருடமாக என்னை விட்டுப் போகவில்லை. வினோ அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் "ஒத்திகைக்கு நீயும் வா" என்றபோது, இந்த முறையாவது இறங்கிவிடக் கூடாது என்றுதான் சரி சொன்னேன்.

மாலை ஐந்து மணி, சின்ன காஞ்சிபுரம். வரதராஜர் கோயிலில் பல்லி தரிசனத்துக்குத் தனி வரிசை. தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் கூரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. சில படிகள் ஏறி நின்று கையை உயர்த்தித் தொட வேண்டும். எனக்கு அந்தப் படிகளே போதுமானவையாக இருந்தன. இரண்டாவது படியில் நின்றுவிட்டேன்.

பின்னால் நின்ற பெண்மணி, "போங்கமா, பின்னாடி ஜனம் நிக்குது" என்றார்.

"அவங்களுக்குக் கொஞ்சம் பயங்க" என்று வினோ என் சார்பில் பதில் சொன்னாள்.

"பல்லியப் பாத்தா?"

"இல்லைங்க, படியப் பாத்து."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். இரண்டு பல்லிகளையும் தொட்டேன். பலபேர் கைபட்டு வழவழவென்று இருந்தன. இறங்கி வெளியே வந்தபோது பல்லி என்கிற சாக்கு கையை விட்டுப் போயிருந்தது.

அன்று இரவு வினோ நிம்மதியாகத் தூங்கினாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால் மணி. வினோவுக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் செல்வம் வந்திருந்தார். தாமல் போய்வர அறுநூறு ரூபாய் பேச்சு. மேற்கே பெங்களூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். புடவையில் பறக்க முடியாது என்பதால், இதற்கென்றே வாங்கிய சுடிதாரில் இருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ போல இருந்தது.

இரண்டு தெரு தாண்டியதும் ஆட்டோ நின்றது. அடுத்த தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டிச் சரிபார்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான இழைகள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடுப்பு உயரத்தில் நின்றன. இளம் வெயிலில் அரக்கு நிறம் மின்னியது.

"பாவு போட்டுக்கினு இருக்காங்கமா. இப்பிடிக்கா போவ முடியாது" என்றார் செல்வம்.

"அதனால என்னங்க, முடியட்டும். நிக்கலாம்" என்றேன். எவ்வளவு நேரமாகும் என்று ஆவலோடு கேட்டேன். ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்.

பாவின் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "எங்கமா இவ்ளோ காலையில?" என்று கேட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"தாமலுக்கு. பறக்குறதுக்கு" என்றாள் வினோ.

"அதுக்கா? எங்க வூட்டுக்காரும் போன வாரம் போயிட்டு வந்தாரு. மேல போவும்போது ஒன்னும் தெர்ல, எறங்குனப்புறம்தான் காலு வெடவெடன்னு ஆடிச்சின்னாரு." பேச்சுக்கு நடுவிலும் விரல்கள் இழையை விடவில்லை. "அண்ணே, பின்னாடி சந்துல பூந்து போ. தெறந்துதான் இருக்குது."

நல்ல மனசோடுதான் வழி சொன்னார். எனக்குத்தான் அவர்மேல் கோபம் வந்தது.

ஆறரை மணிக்குத் தாமல் ஏரி. கரையில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெடித்துக் காய்ந்த தரை. நடுவில் மட்டும் ஒரு குட்டைத் தண்ணீர், சுற்றி வெள்ளைக் கொக்குகள். கரைக்குக் கீழே ஒரு ஜீப், ஒரு சாமியானா, பத்துப் பதினைந்து பேர் வரிசை. தரையில் ஆரஞ்சும் பச்சையுமாகப் பாராசூட்டை விரித்து வைத்திருந்தார்கள்.

சாமியானாவுக்குள் ஒரு பெண் எடை பார்த்தார். தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தால் அனுமதியில்லை என்று அட்டையில் எழுதியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எடை கூடியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எழுபத்தொன்று. ரத்த அழுத்தம் பார்த்தார். என் இதயம் அடித்த அடிக்கு இயந்திரமே தெறித்துவிடும் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் படபடப்பு தெரியுது. மத்தபடி நல்லா இருக்குதுமா" என்று சிரித்தார். கடைசிச் சாக்கும் அங்கே போயிற்று.

கயிறு கட்டி அனுப்புகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நாற்பதை நெருங்கியவர், தாமல்காரர்தான். தோளிலும் தொடையிலும் பட்டைகளை மாட்டி இறுக்கிக்கொண்டே சொன்னார்: "நான் ஓடுன்னா ஓடணும்மா. எட்டு ஸ்டெப்புதான். குதிக்காதீங்க, உக்காராதீங்க. எல்லாரும் பண்ற தப்பு அதான், பயத்துல உக்காந்துடுவாங்க. ஓடிக்கினே இருந்தா தரை தானா வுட்டுடும்."

பின்னால் இரண்டு பேர் பாராசூட்டின் விளிம்பைத் தூக்கிப் பிடித்தார்கள். முன்னால் தரையில் கயிறு நீண்டு கிடந்தது, அதன் கோடியில் ஜீப். காற்றில் பாராசூட் ஒருமுறை உப்பி, என்னைப் பின்பக்கமாக இழுத்தது. ஓர் ஆள் உயரத்தில் ஆடிய ராட்டினப் பெட்டி நினைவுக்கு வந்தது. கை தானாக மார்புப் பட்டையின் கொக்கிக்குப் போனது.

"வினோ, என்னால முடியாதுடி."

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்லமா. தெனம் ரெண்டு பேரு இப்பிடிதான் சொல்றாங்க. கழட்டிடலாமா?" என்றார்.

வினோ என் முன்னால் வந்து நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். "அன்னைக்கும் இப்படித்தான் உன்னை விட்டுட்டு இறங்கிட்டேன்" என்றேன்.

"என்னைக்கு?"

"பொருட்காட்சியில. ராட்டினத்துல. நீ எட்டு வயசுக் குழந்தை. உன்னைத் தனியா விட்டுட்டு…"

"அம்மா, அதையா இத்தன வருஷமா நெஞ்சுல வச்சிக்கினு இருக்க?" என்றாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு சுத்துலயும் கீழ எட்டிப் பாத்தேன். நீ ரெண்டு கையாலயும் அந்தக் கம்பியப் புடிச்சிக்கிட்டு, கண்ண மூடி, பல்லக் கடிச்சிக்கிட்டு நின்ன. நீதான் ராட்டினத்தப் புடிச்சிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். நீ விட்டா அது விழுந்துடும், அதனாலதான் நீ எறங்கினேன்னு நெனச்சேன். நீ விடவே இல்ல. எனக்குப் பயமே இல்லம்மா."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு ஏரியைப் பார்த்தார்.

வினோ என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "எறங்கணும்னா எறங்கு. ஒன்னும் இல்ல. போறதா இருந்தா, நான் ஜீப்புல பின்னால ஏறி நிக்கிறேன். அங்க ஒரு கம்பி இருக்கு. நான் புடிச்சிக்கிறேன்" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துபோய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

கொக்கியிலிருந்து கையை எடுத்தேன். "ஓடச் சொல்லுங்க" என்றேன்.

ஜீப் உறுமியது. கயிறு தரையிலிருந்து எழும்பி விறைத்தது. மாஸ்டர் "ஓடு ஓடு ஓடு" என்று கூடவே ஓடிவந்தார். எட்டு அடி என்று சொல்லியிருந்தார். நான் ஐந்து எண்ணினேன். ஆறாவது அடி வைக்கத் தரை இல்லை. கால் மட்டும் சைக்கிள் மிதிப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

மேலே சத்தமே இல்லை. காதோரம் காற்று மட்டும். ஏரிக்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. மதகு, பனைமரங்கள், அதற்கு அப்பால் பெங்களூர் சாலையில் போகும் லாரிகள். கொக்குகள் எனக்குக் கீழே பறந்தன. இதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன். முதலில் பார்த்தது ஜீப்பை. அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன உருவம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து நின்றது. நான் கீழே இறங்கி, புழுதியில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு பேர் ஓடிவந்து என்னைத் தூக்கும்வரை அது கம்பியை விடவில்லை.

அந்த நெசவுக்காரப் பெண் சொன்னது சரிதான். அதற்கப்புறம் கால் மணி நேரம் எனக்குக் கால் ஆடியது.

அடுத்தது வினோவின் முறை. நான் ஜீப்பில் ஏறி அதே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஜீப் குலுங்கிய குலுக்கலில் மேலே இருப்பதே மேல் என்று தோன்றியது. ஆனால் இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அவள் மேலே போனதும், காலை ஆட்டிச் சிரித்ததும், இறங்கியதும் எல்லாம் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலை ஓரக் கடையில் சாப்பிட்டோம். ஆளுக்கு நாலு இட்லி, ஒரு வடை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டேன்.

பகல் ஒன்றரை மணி, காஞ்சிபுரம் பஸ் நிலையம். இரண்டு நாள் இருந்தும் ஒரு பட்டுக் கடைக்குள் கால் வைக்காமல் அந்த ஊரை விட்டுக் கிளம்பிய பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். திருச்சியில் இதை யாரும் நம்பவில்லை, பறந்ததையாவது நம்பினார்கள். மலைக்கோட்டைக்கு இன்னும் ஏறவில்லை. ஏற வேண்டும் என்ற அவசரமும் இப்போது இல்லை. ஏறாதது குற்றமாக இருந்த காலம் போய்விட்டது, அவ்வளவுதான்.

செங்கல்பட்டு பஸ் நகர்ந்தபோது வினோ ஜன்னலோரம் வந்து கையை ஆட்டினாள். உள்ளங்கையில் குறுக்காக ஒரு சிவந்த தடம் இருந்தது. என் கையைத் திருப்பிப் பார்த்தேன், அதிலும் இருந்தது.

அடுத்த வருடம் அவள் விமானத்திலிருந்து குதிக்கிறாள். நான் ஏறப் போவதில்லை, கீழே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.