சூட்டுத் தழும்பும் என் பெயரும்

2006-இல் ரெட்டியார்பாளையத்தில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தேன். அங்கு வரும் ஒரு குழந்தையின் வயிற்றில் சூட்டுத் தழும்பைப் பார்த்து யாரோ புகார் கொடுக்க, சமூக நலத் துறையின் குழந்தைகளைத் துன்புறுத்துவோர் பட்டியலில் என் பெயர் ஏறியது. அது நீங்காவிட்டால் காப்பகத்தை மூட வேண்டும். மேல்முறையீடு செய்தேன்; ஆனால் சூடு வைத்தது நானில்லை என்று நிரூபிக்க வழியில்லை.

விசாரணை நாளில், நான் அழைக்காமலே அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் தாய் வந்தாள்.

"டீச்சர் மேல பழி போடாதீங்க சார். மஞ்சக்காமாலைன்னு நாங்கதான் சூடு போட்டோம்."

"இத்தன நாளா வாயில என்னம்மா, கொழுக்கட்டையா?" என்றார் அதிகாரி.

"புள்ளைய புடுங்கிக்குவீங்கன்னு பயம் சார்."

அதிகாரி அவளைக் கடுமையாக எச்சரித்துவிட்டு, என் பெயரை நீக்க உத்தரவிட்டார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அத்தனை பயத்தோடும் வந்தவள்மேல் கோபம் வரவில்லை.

"நாளைக்கு புள்ளைய உட்டுட்டுப் போவட்டா டீச்சர்?"

"நாளைக்கு எதுக்கு? இப்பவே குடு" என்று கைகளை நீட்டினேன்.