கரியால் போட்ட கையெழுத்து

பாகூரில் பிறந்தவனுக்கு மலை என்றால் ஏரிக்கரைதான். அதைவிட உயரமாகத் தென்னை மரங்கள் இருந்தன, ஆனால் அவற்றில் குடும்பத்தோடு ஏற முடியாது. வரப்பில் நடந்து, வாய்க்காலைத் தாண்டி வளர்ந்த நான் போயும் போயும் செஞ்சிப் பக்கத்தில் பெண் எடுத்தேன். அங்கே வாசற்படியை விட்டு இறங்கினால் பாறை, நிமிர்ந்தால் குன்று.

பெண் பார்க்கப் போன அன்று, அவளுடைய தம்பி என்னைக் கூப்பிட்டான். "வாங்க மாமா, எங்க மலையக் காட்டறேன். மேல ஒரு குகை இருக்குது." புது மாப்பிள்ளை மாட்டேன் என்று சொல்வானா? கிளம்பினேன். இருபது அடி ஏறியிருப்பேன், செருப்பு வார் அறுந்துவிட்டது. அடிவாரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு செம்பு மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான் நடந்தது.

என் மகளுக்கு நான் சொன்னது வேறு. அவள் சோறு தின்னாத பிள்ளை. வாய்க்கு ஒரு கவளம், கவளத்துக்கு ஒரு வரி என்று கதை சொன்னால்தான் தட்டு காலியாகும். அப்படி ஆரம்பித்ததுதான் குகைக் கதை. சாம்பார் சாதத்துக்கு மலை ஏறினேன். கீரைக்குக் குகைக்குள் நுழைந்தேன். கத்தரிக்காய்க்கு ஒரு கரடி வந்தது. பாகற்காய் சமைத்த அன்று கரடி போதவில்லை. வேறு வழியில்லாமல், கரடியை முறைத்து விரட்டிவிட்டுக் குகையின் கடைசிச் சுவரில் கரியால் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னேன். பாகற்காய் உள்ளே போயிற்று. வினை வெளியே வந்தது.

அவளுக்கு எட்டு வயதானபோது பக்கத்து வீட்டுச் சிறுமி, "உங்க நைனா பொய்யி சொல்றாரு" என்று சொல்லிவிட்டாள். மகள் மூக்கு விடைக்க என்னிடம் வந்தாள்.

"நைனா, குகையில உன் கையெழுத்து இருக்குதில்ல?"

"இருக்குது."

"மழையில அழிஞ்சி போயிருக்காதில்ல?"

நல்ல பிள்ளை, தப்பிக்கத் தானே ஒரு வழி காட்டினாள். நான்தான் மீசையைத் தடவிக்கொண்டு, "குகைக்குள்ள ஏதும்மா மழை" என்றேன்.

"அப்போ இந்த லீவுக்கு மாமா வூட்டுக்குப் போவும்போது காட்டு. நான் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். பொய்யா இருந்தா இனிமே உன் கதையே எனக்கு வேணாம்."

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தப் புளியமரத்தடிக்கு மோர்ச் செம்பைக் கொடுத்தனுப்பியவளே அவள்தான். "நல்லா காட்டுங்க, நானும் பாக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஆக, குடும்பத்தோடு மலைக்குப் போவது, குழந்தைகளைக் குகைக்குள் விடுவது என்று முடிவாயிற்று. திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில், நகராட்சி மாதிரி இருந்த கொம்யூன் ஆபீசான மேரியில் பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவுகளுக்கு நகல் எழுதும் குமாஸ்தா நான். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நடந்த மாதிரி இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்தப் பதிவேடுகளில் இருந்து வந்தது. அதனால் பிரெஞ்சில் எழுதிய என் பயணத் திட்டம், "கீழே கையொப்பமிட்டவனும் அவனுடைய சட்டபூர்வமான மனைவியும் மேற்படி தம்பதியின் இரண்டு பிள்ளைகளும் காலை ஆறு மணிக்கு மலைமுன் நேரில் ஆஜராகி" என்று தொடங்கியது. கீழே படம்: ஒரு மலை, ஓர் அம்புக்குறி, குகை இருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

தாளில் எழுதாத திட்டம் ஒன்றும் இருந்தது. நான் முதலில் தனியாக உள்ளே போக வேண்டும். ஐந்து நிமிடம் வேண்டும். மடியில் ஒரு கரித்துண்டு வேண்டும்.

முதலில் பயிற்சி. குன்று முந்நூறு அடி இருக்கும் என்று மைத்துனன் கடிதம் எழுதியிருந்தான். ஏரிக்கரை பதினைந்து அடி. ஆக இருபது தடவை கரை ஏறினால் ஒரு மலை. ஏறினால் இறங்கவும் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். மகளும் ஐந்து வயது மகனும் ஓடி ஓடி ஏறினார்கள். நான் ஆறாவது ஏற்றத்தில் ஒரு மலையை முடித்துவிட்ட களைப்பில் நின்றேன். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னாண்ணா, எதுனா தொலைஞ்சி போச்சா?"

"இல்லப்பா, சும்மா ஏறி எறங்குறோம்."

"சும்மா எவனாவது ஏறுவானா. கூச்சப்படாம சொல்லு, மோதரமா?"

மறுநாள் அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களோடு சேர்ந்து கரையெல்லாம் குனிந்து தேடினார். எங்கள் வீட்டில் மோதிரமே கிடையாது என்று சொன்னால், அதுதான் தொலைந்துவிட்டதே என்கிறார்கள்.

அடுத்து குகைப் பயிற்சி. கோடையில் ஏரி வற்றியிருந்ததால் மதகு காய்ந்து கிடந்தது. கரைக்கு அடியில் தண்ணீர் போகும் அந்தக் கல் வழியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். பிள்ளைகள் இரண்டும் ஓணான் மாதிரி புகுந்து புகுந்து வந்தன.

"நீ வர்லியா நைனா?"

"வெளிய ஒருத்தன் காவல் இருக்கணும்மா."

"அதுக்குத்தான் எருமக்காரரு இருக்காரே."

"அவரு மோதரம் தேடுறாரு."

சித்திரையில் கிளம்பினோம். வில்லியனூர் வரை வண்டி, அங்கிருந்து ரயில். எல்லை ஸ்டேஷனில் இங்கிலீஷ்காரன் பக்கத்துச் சுங்கத்தார் எல்லோரையும் இறக்கி மூட்டைகளை அவிழ்ப்பது வழக்கம். புதுச்சேரியிலிருந்து வருகிறவன் எதையாவது ஒளித்துத்தான் கொண்டு வருவான் என்பது அவர்கள் வேதம். எங்கள் மூட்டையைப் பிரித்த அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். புத்தம் புதிய டார்ச் விளக்கு. முப்பது முழக் கயிறு. இரண்டு கோணிப்பை. கடைசியாக என் திட்டத் தாள்.

"எங்க போறீங்க?"

"மலைக்கு."

"எந்தக் கோயிலு?"

"கோயில் இல்லீங்க, குகை."

"குகையில யாரு இருக்காங்க?"

"யாருமில்ல."

"யாருமில்லாத குகைக்கு, பிரெஞ்சு ஊர்லேந்து, டார்ச்சு, கயிறு, கோணி, படம் எல்லாம் எடுத்துகினு போறீங்க. குடும்பத்தோட."

"ஆமாங்க."

"இதுல இன்னா எழுதியிருக்கு, படிங்க."

மொழிபெயர்த்தேன். "சட்டபூர்வமான மனைவி" வந்த இடத்தில் அவர் என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "நேரில் ஆஜராகி" என்றதும் கூட இருந்த சேவகனைக் கூப்பிட்டார். பெருக்கல் குறியின் மேல் விரலை வைத்து, "இந்த எடத்துல இன்னா பொதைக்கப் போறீங்க?" என்றார்.

என் மனைவிதான் பேசினாள். "ஐயா, இவரு குகைக்குள்ள போவவே மாட்டாரு. நீங்க பயப்படாதீங்க."

எனக்கு அவமானம், மகளுக்குக் கோபம். "எங்க நைனா ஏற்கெனவே போயிருக்காரு. கையெழுத்தே போட்டிருக்காரு" என்று அதிகாரியிடம் சொன்னாள். எனக்குக் கிணற்றில் குதிக்கலாம் போலிருந்தது. ஸ்டேஷனில் கிணறு இல்லை.

டார்ச், கயிறு, கோணி, தாள் எல்லாவற்றையும் திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். என் மடியைத் தடவியபோது கரித்துண்டு அகப்பட்டது.

"இது இன்னா?"

"பல்லு வெளக்க."

அது ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் விடியலில் மலை. மைத்துனன் என் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். என் மனைவி தலையில் சோற்றுக்கூடையும் இடுப்பில் தண்ணீர்க் குடமுமாகக் கதை பேசிக்கொண்டு ஏறினாள். நான் வெறுங்கையோடு, பாறையைப் பிடித்து, புதரைப் பிடித்து, கடைசியில் நாலு காலில் ஏறினேன்.

குகை என்றால் நான் மண்டபம் மாதிரி நினைத்திருந்தேன். கதையிலும் அப்படித்தான் கட்டியிருந்தேன், யானையே போகலாம். இங்கே இரண்டு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் ஒரு பொந்து. ஆறடி தவழ்ந்தால் உள்ளே நாலு பேர் உட்காரும் இடம் இருக்கிறது என்றான் மைத்துனன்.

"நான் மொதல்ல போறேன், பாம்பு கீம்பு இருந்தா பாத்துட்டுக் கூப்புடறேன்" என்று அறிவித்துவிட்டுத் தலையை நுழைத்தேன். தலை போயிற்று, தோள் போயிற்று. வயிறு யோசித்தது.

"நைனா, அப்போ எப்பிடி போனே?" என்று பின்னாலிருந்து மகளின் குரல்.

"அப்போ ஒல்லியா இருந்தேம்மா."

"பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே வயிறுதான்" என்றாள் மனைவி.

"மூச்ச வுடு மாமா, வயித்த உள்ள இழு" என்று சொல்லி மைத்துனன் என் உள்ளங்காலில் கை வைத்துத் தள்ளினான். மூடையைக் குதிருக்குள் தள்ளுகிற தள்ளு. சட்டைப் பொத்தான் இரண்டும் தோலில் கொஞ்சமும் வாசலிலேயே தங்கிவிட, நான் உள்ளே போய் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. வௌவால் நாற்றம். மேலே ஏதோ சிறகடித்தது. கரடி இருக்காது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை உண்டாக்கியவனே நான். இருந்தாலும் உட்கார்ந்தபடியே நகர்ந்து சுவரைத் தேடினேன். கரியை எடுத்துக் கையெழுத்தைப் போட்டேன். அது கஷ்டமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதித் தூக்கத்தில் எத்தனையோ நகல்களுக்குக் கையெழுத்துப் போட்ட கை. கரியைத் தூர எறிய மனசு வரவில்லை, உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"வாங்க" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

மகள் மதகுப் பழக்கத்தில் வழுக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் தம்பி. கடைசியாக மைத்துனன் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்தான்.

வெளிச்சத்தில் சுவர் தெரிந்தது. என் கையெழுத்து, வாலும் சுழியுமாக, கொஞ்சம் சாய்ந்து. மகள் கைதட்டினாள். தம்பியை இழுத்து, "பாருடா, நைனா கையெழுத்து" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் அதற்குக் கீழே பார்த்தேன்.

மேரியில் கையெழுத்து மட்டும் போட்டால் தாள் செல்லாது. கையெழுத்துக்குக் கீழே ஊர், தேதி, மாதம், வருஷம் பிரெஞ்சில் எழுத வேண்டும். பதினைந்து வருஷமாகப் பழகிய கை என்னைக் கேட்கவில்லை. இருட்டில் அதுவாகவே எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்தது. இன்றைய தேதி.

என் மகளுக்குப் பிரெஞ்சில் ஒன்றே ஒன்றுதான் நன்றாகத் தெரியும். கொம்யூன் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் வாத்தியார் பலகையில் தேதி எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். வேறு எதை எழுதியிருந்தாலும் பிழைத்திருப்பேன்.

அவள் உதடு அசைந்து படித்தது. வருஷத்தில் வந்து நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். மூடியிருந்த என் கையைப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் கறுப்பு. நான் ஓலை எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைத்துனன் குனிந்து, "கீழ இன்னாமோ எழுதியிருக்கே, இன்னா மாமா அது?" என்றான்.

மகள் என் விரல்களைப் பிரித்துக் கரியை எடுத்துக்கொண்டாள். கையெழுத்துக்கும் தேதிக்கும் நடுவில் இருந்த இடத்தில் தன் பெயரை நுணுக்கி எழுதினாள்.

"தேதி என்னுது மாமா" என்றாள். "நான் வந்த தேதி. நைனாவ மொதல்லயே போட்டு வெக்கச் சொன்னேன்."

வெளியே வருவது உள்ளே போனதைவிடச் சிரமம். அதை விட்டுவிடுகிறேன். கீழே இறங்கும் வரை அவள் என் கையைப் பிடிக்காமல் எனக்கு முன்னாலேயே நடந்தாள். அடிவாரத்தில் புளியமரத்தைப் பார்த்ததும் நானே நின்றேன்.

"இங்கதாம்மா" என்றேன்.

"இங்கதான் இன்னா?"

"செருப்பு அறுந்தது. மோர் குடிச்சது. அதோட சரி."

"கரடி?"

"கரடி இல்ல. மேல ஒரு காக்கா இருந்துது."

அவள் மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள்.

அன்று மாலை என் மனைவி என் வேட்டியைத் துவைத்துக்கொண்டே, "கரி எந்தம்பி வூட்டு அடுப்புலயும் இருக்குது. இதுக்காக பாகூர்லேந்து தூக்கினு வரணுமா?" என்று கேட்டாள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுச் சிறுமி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இருந்துதாடி?"

"இருந்துது. எங்க நைனா கையெழுத்து. என் கண்ணால பாத்தேன்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆனாலும் எனக்குத் தண்டனை நடந்தது. பத்து நாள் அவள் கதை கேட்கவில்லை. சோற்றைத் தானே பிசைந்து, தானே தின்று, தட்டைக் கழுவி வைத்தாள். எந்தத் தகப்பனும் சந்தோஷப்படுவான். நான் எதிரே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு சோறு தின்றேன்.

பதினோராம் நாள் பாகற்காய். இரண்டு துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நைனா, குகைக் கதை சொல்லு."

நான் தொண்டையைக் கனைத்தேன். "ஒரு ஊர்ல ஒரு பெரிய கரடி..."

"அது வேணாம். செருப்பு அறுந்துதில்ல, அதுலேந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.